கார்த்திகைக் கடலில் எப்போது வெளிக்கிடலாம், எந்தப் பக்கத்தால் போகலாம்

காலையில் முல்லைத்தீவுக் கரையில் நின்று பார்க்கும்போது கடல் தட்டையாகக் கிடந்தால் "இண்டைக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுகிறோம். செய்தியில் சூறாவளிக்குப் பெயர் வந்துவிட்டால் "இனிப் போகேலாது" என்கிறோம். வருடத்தின் மற்ற மாதங்களில் இந்த இரண்டையும் வைத்து ஓரளவு சமாளிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டுமே ஏமாற்றும்.

போதாக்குறைக்கு, பாய்ப்படகில் பெருங்கடல் தாண்டுகிறவர்களின் காணொளிகள் இப்போது எல்லார் கையிலும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு "நவம்பர்தானே கடல் தாண்ட நல்ல மாதம்" என்று நம்மூர்ப் பிள்ளைகள் சொல்லக் கேட்கிறேன். அது அத்திலாந்திக் கடலின் கணக்கு. அதை வங்காள விரிகுடாவுக்குக் கொண்டுவந்தால் உயிருக்கே ஆபத்து. சரி, அடிப்படையிலிருந்து பார்ப்போம். பாய்ப்படகை மனதில் வைத்து எழுதினாலும், சின்னப் பிளாஸ்ரிக் போட்டில் எஞ்சின் பூட்டிப் போகிறவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வட்டுவாகல் பாலத்தில் ஏறுவதற்கு முன்

மாரி காலத்தில் முல்லைத்தீவுக்குப் பக்கத்து வட்டுவாகலின் பழைய பாலத்தைக் கடந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே விளங்கும். தாழ்வான, ஒடுங்கிய பாலம். ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். நந்திக்கடல் களப்பு நிரம்பினால் தண்ணீர் பாலத்துக்கு மேலால் பாயும். நாம் ஏறும் இடத்தில் தண்ணீர் இல்லை என்பதற்காக யாரும் உடனே ஏறிவிடுவதில்லை. நடுவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, அக்கரை போய்ச் சேரும்வரை அது ஏறாமல் இருக்குமா, எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்த்த பிறகுதான் ஏறுகிறோம். ஏனென்றால் நடுவில் வைத்து வாகனத்தைத் திருப்ப முடியாது.

கடலிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். படகு தாங்கக்கூடிய காற்றும் அலையும், புறப்படும் நேரம் தொடங்கிப் போய்ச் சேரும் நேரம்வரை விடாமல் நீடிக்கும் காலத்தை வானிலை இடைவெளி என்று சொல்வார்கள். அந்த இடைவெளி பயணத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். மட்டுமட்டாக இருந்தால் போதாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முல்லைத்தீவிலிருந்து திருகோணமலைக்குக் கடல்வழி சுமார் 50 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீற்றர், ஆகவே கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர். நடுத்தரமான பாய்ப்படகு மணிக்கு 5 கடல் மைல் போகும் என்று வைத்தால் பத்து மணித்தியாலம். காற்று விழுந்தாலும் திசை மாறினாலும் அது பதினைந்தாகலாம். பகல் வெளிச்சத்திலேயே துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். ஐப்பசியில் பிற்பகலுக்குப் பிறகு இடியும் மழையும் கட்டிக்கொண்டு வரும். அந்த மழை மேகத்துக்கு அடியிலிருந்து பாயும் திடீர்க் காற்று முன்னறிவிப்பு வரைபடத்தில் பெரும்பாலும் தெரியாது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், பத்து மணித்தியாலப் பயணத்துக்கு ஒரு முழு நாள் நல்ல கடல் வேண்டும். மதியத்துக்கு முன் போய்ச் சேர வேண்டுமென்றால் நள்ளிரவு தாண்டியதும் வெளிக்கிட வேண்டும்.

எட்டு நாள் பயணமும் ஐந்து நாள் முன்னறிவிப்பும்

இப்போது தூரத்தைக் கூட்டுவோம். தாய்லாந்தின் புக்கெற்றிலிருந்து திருகோணமலைக்கு ஏறக்குறைய 1000 கடல் மைல். நாளுக்கு 120, 130 கடல் மைல் ஓடினால் எட்டு நாள் ஆகும். முன்னறிவிப்பை மூன்று நாளுக்கு நன்றாக நம்பலாம். ஐந்தாம் நாள்வரை ஒரு வடிவம் தெரியும். அதற்கு அப்பால் வரைபடம் அழகாக நிறம் காட்டினாலும் அதை நம்பி உயிரை வைக்கக்கூடாது. அப்படியென்றால் பயணத்தின் கடைசி மூன்று நாளை எதை வைத்துத் தீர்மானிப்பது?

பருவத்தை வைத்து. இன்று, நாளை என்ன காற்று என்பது வானிலை. பல வருடங்களாக ஒரு மாதத்தில் வழமையாக என்ன நடந்து வந்திருக்கிறது என்பது காலநிலை. கிட்டப் பயணத்துக்கு வானிலை போதும். தூரப் பயணத்துக்கு முதலில் காலநிலையைப் பார்த்து மாதத்தைத் தீர்மானிக்க வேண்டும்; அதன் பிறகுதான் வானிலையைப் பார்த்து நாளைத் தீர்மானிக்க வேண்டும். இந்த ஒழுங்கை மாற்றிப் போடுவதுதான் நான் அடிக்கடி காணும் குழப்பம். மாதமே பிழையென்றால் அதற்குள் நல்ல நாள் தேடிப் பயனில்லை.

பழைய ஆட்கள் இதில் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பனிக் காலத்துச் சென்னையில் ஒக்டோபர் 15இல் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 அளவில்தான் திரும்ப ஏற்றுவார்கள். அந்த இரண்டு மாதமும் கப்பல்கள் அந்தத் திறந்த கரையில் நங்கூரமிட்டு நிற்கக்கூடாது என்பதற்கான அறிவிப்பு அது. 1782இல் நம் கிழக்குக் கடலில் மோதிக்கொண்ட ஆங்கிலேய, பிரெஞ்சுக் கடற்படைகள் இரண்டுமே மாரி வந்ததும் இந்தக் கடலை விட்டு விலகின. ஒன்று பம்பாய்க்குப் போனது, மற்றது சுமாத்திராவின் அச்சேக்குப் போனது. பீரங்கியோடு வந்த பெரிய கப்பல்களே ஒதுங்கிய மாதங்கள் இவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பயணம் முழுவதற்கும் நல்ல கடல் வேண்டும், முன்னறிவிப்பு எட்டாத தூரமென்றால் முதலில் சரியான பருவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்த மாதங்களில் விரிகுடாவில் என்ன நடக்கிறது

சூறாவளி உருவாக மூன்று விடயங்கள் ஒன்றுசேர வேண்டும். கடல்நீர் சூடாக இருக்க வேண்டும், ஏறக்குறைய 27 பாகை செல்சியசுக்கு மேல். கடல்மட்டத்துக்கு அருகே வீசும் காற்றும் உயரே வீசும் காற்றும் ஒன்றுக்கொன்று முரணாக வேகமாக வீசக்கூடாது. வீசினால் வளரும் சுழலின் தலையை அது வெட்டிவிடும். மூன்றாவதாக, பூமி சுழல்வதால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பம் வேண்டும். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் அந்தத் திருப்பம் போதாது.

சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் ஆனி, ஆடியில் உயரே வீசும் காற்று கடுமையாக இருப்பதால் சூறாவளி வளர்வது அரிது. சோளகம் ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று நிலைக்கும் வரையான இடைக்காலத்தில்தான் மூன்றும் ஒன்றாகக் கூடுகின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் ஒக்டோபர், நவம்பரை இரண்டாவது இடைப்பருவக் காலம் என்றும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக் காலம் என்றும் பிரிக்கிறது. நவம்பர் நடுவே நிற்கிறது. டிசம்பரும் முழுக்கத் தப்பிய மாதமில்லை. 1964 டிசம்பர் 22இல் கிழக்கிலிருந்து வந்த சூறாவளி வன்னியைக் குறுக்கே கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 2000ஆம் ஆண்டுச் சூறாவளி திருகோணமலையைத் தாக்கியது டிசம்பர் 26இல்.

அத்திலாந்திக்கோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். அங்கே சூறாவளிக் காலம் நவம்பர் 30இல் முடிவதாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போகும் பாய்ப்படகுகள் அதுவரை காத்திருக்காமல் நவம்பர் முற்பகுதியிலேயே புறப்படப் பார்க்கும். காரணம், நாள் போகப்போக வடக்கிலிருந்து குளிர்காலப் புயற்காற்று அடுத்தடுத்து இறங்கும். வடக்கே பாயும் வளைகுடா நீரோட்டத்துக்கு எதிராக அந்த வடகாற்று வீசினால் அலை செங்குத்தாக எழும்பிப் படகை உடைக்கும். முன்னே போனால் சூறாவளி, பிந்தினால் குளிர்காலப் புயல். அந்த ஒடுங்கிய இடைவெளிக்காகத்தான் அவர்கள் நவம்பரில் அவசரப்படுகிறார்கள்.

நமக்கு அந்த அவசரம் இல்லை. இங்கே காத்திருந்தால் கடல் சீராகும். ஜனவரி, பெப்ரவரியில் வாடைக்காற்று நிலையாக வீசும், சூறாவளி அபூர்வம், கிழக்கிலிருந்து வரும் படகுக்குக் காற்று பின்னாலோ பக்கத்தாலோ கிடைக்கும். புக்கெற்றிலிருந்து வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் இலங்கைக்கு வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். கிழக்கு நோக்கி, அந்தமான் பக்கம் போக நினைப்பவருக்கோ வாடைக்காலமே உதவாது. காற்று வரும் திசைக்கு நேராகப் பாய்ப்படகு போக முடியாது. சுமார் 45 பாகை விலகி வலமும் இடமுமாகத் திரும்பித் திரும்பித்தான் முன்னேறும். தூரம் ஒன்றரை மடங்காகும், அலையில் அதற்கும் மேலாகும்.

பெயர் வைக்கும்வரை காத்திருப்பது

பலரும் பிழையாக விளங்கிக்கொண்டிருப்பது இதைத்தான். வங்காள விரிகுடாவில் ஒரு சுழலின் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் அது சூறாவளி, அப்போதுதான் பெயர். அதற்குக் கீழே 31 முதல் 49 வரை தாழமுக்கம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழமுக்கம். பெயரில்லாத அந்த ஆழ்ந்த தாழமுக்கமே ஒரு சிறு படகைக் கவிழ்க்கப் போதும்.

ஏனென்றால் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது பாயைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 25 கிலோமீற்றரில் சுகமாக ஓடும் படகு 50 கிலோமீற்றரில் நான்கு மடங்கு அடியை வாங்குகிறது. முன்னறிவிப்பில் சொல்லும் வேகம் சராசரி என்பதையும் மறக்கக்கூடாது. இடையிடையே வரும் வீச்சு அதைவிடக் கூடுதலாக இருக்கும். அலை உயரமும் அப்படியே. "2 மீற்றர் அலை" என்றால் உயரமான மூன்றிலொரு பங்கு அலைகளின் சராசரி. ஒரு நாள் முழுக்கக் கடலில் நின்றால் அதில் ஏறக்குறைய 4 மீற்றர் அலை ஒன்றைச் சந்திக்கலாம்.

2024 நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தாழமுக்கமும் பிறகு ஆழ்ந்த தாழமுக்கமுமாக அது நம் கிழக்குக் கரையோரமாக மெல்ல வடக்கே நகர்ந்தது. வெள்ளமும் கடல் கொந்தளிப்பும் நம்மை வந்தடைந்தது 26, 27ஆம் திகதிகளில். ஃபெங்கல் என்ற பெயர் வந்தது 29ஆம் திகதி. பெயருக்காகக் காத்திருந்தவருக்கு அந்த அறிவிப்பு எந்த உதவியும் செய்யவில்லை.

மையத்துக்கு எந்தப் பக்கம்

நமது பாதிக் கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். அது நகரும் திசையைப் பார்த்து நின்றால் வலப்பக்கத்தில் சுழலும் வேகமும் நகரும் வேகமும் கூடுகின்றன. இடப்பக்கத்தில் ஒன்றையொன்று கழிக்கின்றன. வலப்பக்கக் காற்று படகைச் சூறாவளியின் பாதைக்குள்ளே தள்ளும். ஆகவே அது ஆபத்தான பாதி. கிழக்கிலிருந்து மேற்கே வரும் சூறாவளிக்கு அந்தப் பாதி வடக்கே இருக்கிறது.

2020 டிசம்பர் 2 இரவு புரெவி என்ற சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. முல்லைத்தீவு அதன் வடக்கே. காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடித்தது.

கடலில் இருப்பவர் தன் இடத்தை எப்படி அறிவது? காற்றுக்கு முகம் கொடுத்து நில்லுங்கள். தாழமுக்க மையம் உங்கள் வலப்பக்கத்தில், சற்றுப் பின்னால் இருக்கும். படகு நின்ற இடத்தில் நிற்க, காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் பிறகு தென்கிழக்காகவும் வலஞ்சுழியாகத் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே கடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் ஆபத்தான பாதியில் நிற்கிறீர்கள். வடகிழக்கிலிருந்து வடக்காகி வடமேற்கானால் மையம் வடக்கே போகிறது. திசை மாறாமல் காற்று ஏறி, அமுக்கம் இறங்கிக்கொண்டே போனால் அது நேராக உங்களை நோக்கித்தான் வருகிறது.

இந்த அறிவு தப்பி ஓடுவதற்கு ஓரளவுதான் உதவும். சூறாவளி மணிக்கு 15, 20 கிலோமீற்றர் நகரும். பாய்ப்படகு 9, 10. அதை முந்த முடியாது. முன்கூட்டியே விலகியிருக்கத்தான் முடியும்.

காற்றில்லாத நாளில் வரும் அலை

மழையும் காற்றும் வருவதற்கு முன்னே கடல் தகவல் சொல்லிவிடும். தூரத்துப் புயலில் எழுந்த அலை அந்த இடத்தைவிட்டு வெளியே பயணிக்கும்போது நீண்ட, வழுவழுப்பான ஏற்ற இறக்கமாகிறது. அதைப் பேரலை வீச்சு என்று வைத்துக்கொள்வோம். 12 வினாடிக்கு ஒன்றாக வரும் அப்படியான வீச்சு ஒரு நாளில் 800 கிலோமீற்றர் ஓடும். புயல் அதில் பாதி தூரம்தான் வரும். அதனால் அலைதான் முதலில் வருகிறது.

அளம்பில் பக்கம் காற்றில்லாத ஒரு காலையில் நின்று கரையில் உடையும் அலைகளை எண்ணிப் பாருங்கள். வாடைக்காற்று எழுப்பும் சாதாரண அலை 5, 6 வினாடிக்கு ஒன்றாக, கலைந்து கலைந்து வரும். காற்றே இல்லாமல், கிழக்கிலிருந்து 10, 12 வினாடிக்கு ஒன்றாக, அளந்து வைத்ததுபோல வந்து கனமாக உடைந்தால் விரிகுடாவில் எங்கோ பலமான காற்று இருக்கிறது. தெற்கிலிருந்து வரும் நீண்ட வீச்சு வேறு. அது தூர தென்சமுத்திரத்திலிருந்தும் வரும். கிழக்கிலிருந்து வருவதைத்தான் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி வளியமுக்கமானி. நமது பக்கத்தில் வளியமுக்கம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியளவில் உச்சம். அதிகாலை, பிற்பகல் 4 மணியளவில் தாழ்வு. வித்தியாசம் ஏறக்குறைய 3 ஹெக்டோபாஸ்கல். இது வழமையான இறக்கம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்துக்கு வழமையாக இருக்க வேண்டிய அளவைவிட 3 குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். 5 குறைந்தால் சூறாவளி பக்கத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலோட்டிகளின் பழைய விதி இது. சில கைத்தொலைபேசிகளில் இந்தக் கருவி உள்ளேயே இருக்கிறது. ஒரு கிழமைக்குத் தினமும் காலை 10 மணிக்குக் குறித்துவைத்தால் உங்கள் இடத்து வழமை தெரிந்துவிடும்.

சுருக்கமாக: பெயருக்காகக் காத்திருக்கக்கூடாது, காற்றின் வேகத்தையும் அது திரும்பும் திசையையும் பார்க்க வேண்டும், கிழக்கிலிருந்து வரும் பேரலை வீச்சும் இறங்கும் அமுக்கமும் சேர்ந்தால் படகைக் கட்டிவைக்க வேண்டும்.

கரை எப்போது ஆபத்து

"கரையை ஒட்டியே போனால் பயமில்லை" என்பது சோளகக் கடலுக்குச் சரி. அப்போது காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். வாடையில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இப்படிக் காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்தில் இருக்கும் கரையைக் காற்றடிக்கரை என்போம். எஞ்சின் நின்றால், பாய் கிழிந்தால், படகு அதன்மேல்தான் போய் விழும். கார்த்திகையில் பருத்தித்துறை தொடங்கித் திருகோணமலை வரை முழுக் கரையும் காற்றடிக்கரை. முல்லைத்தீவு இரண்டுக்கும் நடுவில், ஒவ்வொன்றுக்கும் 90 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது.

இடையில் நுழையலாமே என்று தோன்றும். நாயாறு, கொக்கிளாய், நந்திக்கடல் முகத்துவாரங்கள் எல்லாம் மணல்திட்டுள்ள ஆழமற்ற வாய்கள். காற்று ஏறும்போது அந்தத் திட்டின்மேல் அலை உடையும். மாரி வெள்ளம் வெளியே பாய்ந்தால் இன்னும் மோசம். ஒதுங்குமிடம் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில்தான் இவை மூடிக்கொள்கின்றன. எந்தக் காற்றிலும் நுழையக்கூடிய ஆழமான துறைமுகம் இந்தப் பக்கத்தில் திருகோணமலைதான். ஆகவே இந்தப் பருவத்தில் கட்டாயம் போக வேண்டியிருந்தால் கரையிலிருந்து நன்றாக விலகி, எஞ்சின் நின்றாலும் திருத்துவதற்கு நேரம் கிடைக்கும் தூரத்தில் பாதையைப் போட வேண்டும். இந்த மாதங்களில் கிழக்குக் கரையோரமாக நீரோட்டம் தெற்கே பலமாக இழுக்கும்; தெற்கே போகும்போது கிடைக்கும் வேகத்தை நம்பி, திரும்பி வரும் நேரத்தைக் குறைத்துக் கணக்கிட்டுவிடக்கூடாது.

மன்னார்ப் பக்கம் வேறு கதை. விடத்தல்தீவுக்கு வெளியே பாக்கு விரிகுடா ஆழமில்லை, பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீற்றருக்குள். அங்கே அலை உயரமாக வளராது. ஆனால் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து அடிக்கும். சிறிய படகுக்கு அதுவே தண்ணீர் நிரப்பிவிடும்.

வரைபடத்தில் வட்டம் போடுதல்

பெருங்கடலில் பாதை தீர்மானிப்பவர்கள் பயன்படுத்தும் ஒரு விதி மிக எளியது. அமெரிக்கச் சூறாவளி நிலையம் கப்பல்களுக்குச் சொல்வது அது. சூறாவளியின் பலத்த காற்று எட்டும் தூரத்தோடு, நாளைய இடத்துக்கு 100 கடல் மைல், மறுநாள் இடத்துக்கு 200, மூன்றாம் நாளுக்கு 300 என்று பிழைக்கு இடம் விட்டு வட்டம் போட வேண்டும். எந்த வட்டத்துக்குள்ளும் படகு இருக்கக்கூடாது. மூன்றாம் நாள் வட்டத்தை நமது கடலில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் யாழ்ப்பாணம் முதல் மட்டக்களப்பு வரை அதற்குள் அடங்கிவிடும். விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று கட்டும்போது "கொஞ்சம் வடக்கால் போவோம்" என்ற யோசனைக்கு இடமே இல்லை என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

தெற்கே 5, 6 பாகை அகலக்கோட்டில் பாதை போட்டால் ஆபத்து குறையும். புக்கெற்றிலிருந்து வருபவர்கள் அதனால்தான் வடக்கே ஏறாமல் வருகிறார்கள். ஆனால் 1964 சூறாவளியும் தெற்கு அந்தமான் கடலில் அந்த அகலக்கோட்டை ஒட்டித்தான் தோன்றியது. பாதை பருவத்துக்கு ஈடாகாது.

வெளிக்கிடும் முன் கரையில் ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போங்கள். படகின் நிறம், ஆட்களின் பெயர், போகும் பாதை, சேர வேண்டிய நேரம், எந்த இடம்வரை திரும்பி வரலாம் என்ற எல்லை, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கடற்படைக்கு அறிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதே தாளில், காற்று எத்தனை கிலோமீற்றரைத் தாண்டினால் புறப்படுவதில்லை என்பதையும் முதல் நாளே எழுதிவிடுங்கள். விடியற்காலையில் படகில் ஐஸ் ஏற்றி, ஆட்களெல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு அந்த எண்ணைப் புதிதாக யோசிக்கக்கூடாது.